நீல போர்ட் சொன்ன உண்மை: எடிட்டிங் கம்ப்யூட்டரில் நான் விட்ட 54,000 ரூபாய்

ஈரோடு, கோவை, திருப்பூர்ப் பக்கம் வீடியோ எடிட்டிங்குக்காகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய கடை கடையாக விசாரித்துக்கொண்டிருப்பவர்கள், பணத்தை நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடைப் பெயரை நான் போடவில்லை. காரணம் கடைசியில் இருக்கிறது.

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் அமுச்சிக்கு (அம்மாவின் அம்மா) 78 வயது. அவர் சந்தகை பிழிவதையும், கச்சாயம் சுடுவதையும், விறகடுப்பில் அரிசிம்பருப்பு சோறு ஆக்குவதையும் இரண்டு வருடமாகப் போனில் 4கே-யில் எடுத்துச் சேர்த்திருந்தேன். என் பழைய லேப்டாப்பில் அந்த வீடியோவைத் திறந்தாலே ஃபேன் ஊளையிட ஆரம்பித்துவிடும். சரி, ஒரு நல்ல கம்ப்யூட்டர் வாங்கிவிடலாம் என்று வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு கோவைக்குப் போனேன்.

"எடிட்டிங்குக்குங்களா? ஐ7 போட்டுரலாங்ணா. 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 256 எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்ட் டிஸ்க். இதுல சினிமாவே எடிட் பண்ணலாங்ணா."

கடைக்காரரின் பேச்சு முழுக்க வீட்டுக்காரரைப் பார்த்து. எடிட் செய்யப்போவது நான். "ஐ7-ல எத்தனாவது ஜெனரேஷனுங்க?" என்று கேட்டதற்கு, "டாப் மாடலுங்க்கா, பயப்படாதீங்க" என்று பதில் வந்தது. அந்த இடத்திலேயே எழுந்து வந்திருக்க வேண்டும். என் அப்புச்சி அந்தியூர்ச் சந்தையில் மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்க்காமல் கயிற்றைத் தொடமாட்டார். அவர் பேத்தி எதையும் பிளந்து பார்க்காமல் 54,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பினாள். பில் கேட்டோம். "ஜிஎஸ்டி பில்லுன்னா 18 பர்சென்ட் கூட ஆகுமுங்க" என்று வெள்ளைத் தாளில் எஸ்டிமேட் எழுதித் தந்தார். மிச்சம் பிடித்துவிட்டோம் என்று வரும் வழியில் இரண்டு பேரும் காபி வேறு குடித்தோம்.

வீட்டில் முதல் கிளிப்பைத் திறந்தேன். வெறும் பிளேயரிலேயே படம் திக்கித் திக்கி ஓடியது. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் போட்டு நாலு கிளிப்பைக் கோத்ததும் கிராபிக்ஸ் மெமரி நிறைந்துவிட்டது என்று சொல்லி மூடிக்கொண்டது. கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் பழசாக இருக்கும் என்று நினைத்து, கார்டு கம்பெனியான என்விடியாவின் தளத்திலிருந்து புதுசை இறக்கிப் போட்டேன். திரை கறுத்தது. மறுபடி உயிர் வர ஒரு ராத்திரி ஆனது. அன்று வீட்டில் இருந்த அமுச்சி, திரையில் வட்டம் சுற்றுவதைப் பார்த்து, "ஏங்கண்ணு, இது எந்நேரமும் சுத்திட்டேதான் இருக்குமா?" என்றார்.

கடைசியில் இன்ஜினியரிங் படிக்கும் என் தம்பி மகன் வந்தான். ஆன் செய்யக்கூட இல்லை. கேபினட்டின் பின்பக்கம் குனிந்து பார்த்தான். "அத்தை, கார்டுல நீல கலர் விஜிஏ போர்ட் இருக்குது பாருங்க. 1050 டிஐ-ல இது வரவே வராது."

கடைக்காரர் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தது ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. 2016-இல் வந்த கார்டு. அந்த வரிசையிலிருந்தே என்விடியா, மானிட்டரைச் செருகும் பழைய விஜிஏ இணைப்பை எடுத்துவிட்டது. அப்புறம் ஜிபியு-இசட் என்ற சின்ன இலவச மென்பொருளை ஓட்டினான். கார்டின் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று அடைப்புக்குறிக்குள் வந்தது. உள்ளே இருந்தது 2011-இல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐ. இந்தப் பழைய கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் பயாஸ் என்ற சின்ன மென்பொருளை மாற்றி எழுதிவிட்டால் விண்டோஸுக்கு அது தன்னை 1050 டிஐ என்றும், 4 ஜிபி இருக்கிறது என்றும் சொல்லிக்கொள்ளும். நிஜத்தில் இருப்பது 1 ஜிபி. அந்த எல்லையைத் தாண்டும்போதுதான் எனக்கு மூடிக்கொண்டது. இந்தக் கார்டு குடும்பத்துக்கு என்விடியா 2018-லேயே புது டிரைவர் தருவதை நிறுத்திவிட்டது. திரை கறுத்ததற்குக் காரணம் அது. உலகம் முழுக்க நடக்கிற பழைய மோசடிதானாம். அதைப் பிடிப்பதற்கென்றே ஜிபியு-இசட்டில் 2018-இல் வசதி சேர்த்திருக்கிறார்கள்.

இன்டெல் பிராசஸர் என்னமோ ஐ7-தான், அதில் பொய்யில்லை. ஆனால் ஐ7-2600. ஐ7-க்குப் பிறகு வரும் நாலு இலக்கத்தில் முதல் எண் தலைமுறை. இது இரண்டாம் தலைமுறை, 2011. 12400 போல ஐந்து இலக்கமாக இருந்தால் முதல் இரண்டும் சேர்ந்து தலைமுறை. இப்போதைய போன்கள் பல 4கே வீடியோவை எச்.265 முறையில் சுருக்கிச் சேமிக்கின்றன. அதை விரிப்பதற்குத் தனிச் சுற்று சிப்பிலேயே இருந்தால் படம் தண்ணீர் மாதிரி ஓடும். இன்டெலில் அது ஆறாம் தலைமுறையில்தான் ஒழுங்காக வந்தது. நிறங்களை இன்னும் நுணுக்கமாகப் பதியும் 10 பிட் வீடியோவுக்கு ஏழாம் தலைமுறை வேண்டும். என் கம்ப்யூட்டரில் பிராசஸருக்கும் அது தெரியாது, போலிக் கார்டுக்கும் தெரியாது. நாலு கோரும் மூச்சு வாங்க முழு வேலையையும் செய்துகொண்டிருந்தன. விண்டோஸ் 11-உம் இதில் முறைப்படி ஏறாது, அதற்கு எட்டாம் தலைமுறையாவது வேண்டும்.

ஹார்ட் டிஸ்க்கை கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் பார்த்தால் 27,000 மணி நேரம் ஓடியிருந்தது. மூன்று வருடம் அணைக்காமல் ஓடிய கணக்கு. ஏதோ சிசிடிவி பெட்டியிலிருந்து கழற்றியது போலிருக்கிறது. என் அமுச்சியின் ஒரே வீடியோப் பிரதி அதில்தான் இருந்தது.

'லைஃப்டைம் பிரீமியர் புரோ' என்று ஒரு எடிட்டிங் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தாரே, அதுவும் கிராக், அதாவது காசு கட்டாமல் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி. 2013-லிருந்து அடோபி அதன் புதுப் பதிப்புகளைச் சந்தாவுக்குத்தான் தருகிறது, லைஃப்டைம் என்று ஒன்று கிடையாது. அந்தக் கிராக் வேலை செய்ய, விண்டோஸின் வைரஸ் காவலைச் சில ஃபோல்டர்களுக்குள் பார்க்காதபடி செய்து வைத்திருந்தார். இது கார்டை விடப் பயமாக இருந்தது. இதே கம்ப்யூட்டரில்தான் நான் பேங்க் வேலையும் பார்த்திருந்தேன்.

ஒன்று மட்டும் கடைக்காரர் தப்பில்லை. கடுகு பொரிவது திரையில் தெரிந்து அரை நொடி கழித்துத்தான் சடசட சத்தம் கேட்டது. அதையும் அவர் கணக்கில் எழுதி வைத்திருந்தேன். போன் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி ஃபிரேம் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைப்பதால் வருவதாம் அது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஒரே சீரான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றியதும் கடுகும் சத்தமும் சேர்ந்துகொண்டன.

திரும்பக் கடைக்குப் போனோம். "சப்ளையர் குடுத்ததுங்க, எங்களுக்கே தெரியாதுங்க" என்றார். வேறு கார்டுக்கு 3,000 கூடக் கேட்டார். எஸ்டிமேட்டைக் காட்டி, "இதுல 4 ஜிபி கிராபிக்ஸ்னு மட்டுந்தானுங்க போட்டிருக்குது" என்றார். வாட்ஸ்அப்பைக் காட்டினேன். அதன் பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

நீங்கள் போகும்போது உங்கள் போனில் எடுத்த வீடியோ இரண்டு நிமிடத்தை பென்டிரைவில் கொண்டுபோங்கள். கடையிலேயே ஓட்டச் சொல்லுங்கள், டாஸ்க் மேனேஜரில் பிராசஸரின் முழு எண்ணைப் படியுங்கள், ஜிபியு-இசட்டைத் திறக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் ஆகாது. முகம் சுளிக்கிற கடையில் வாங்க வேண்டாம். எஸ்டிமேட் தாளை வாங்கவே வாங்காதீர்கள். மாடல் எண், சீரியல் எண்ணோடு ஜிஎஸ்டி பில் வேண்டும்.

இன்னொன்று, எனக்குக் கார்டே தேவைப்பட்டிருக்காது. இப்போது தம்பி மகன் வாங்கிக் கொடுத்திருப்பது ஐ5-12400, 8 ஜிபி ரேம் இரண்டு, 500 ஜிபி எஸ்எஸ்டி. தனிக் கார்டு இல்லை. 12400எஃப் என்று எஃப் சேர்ந்தால் உள்ளே கிராபிக்ஸ் இருக்காது, அதை மட்டும் கவனிக்கச் சொன்னான். ரிசால்வில் ப்ராக்ஸி (எடிட் செய்ய மட்டும் எடுக்கும் லேசான நகல்) போட்டுக்கொண்டு பத்து நிமிட வீடியோவை நிம்மதியாக முடிக்கிறேன். கலர் வேலை, எஃபெக்ட் என்று இறங்குபவர்களுக்குக் கார்டு வேண்டும்தான். அவர்களும் முதலில் இப்படி ஆரம்பித்து, தேவைப்படும்போது சேர்க்கலாம்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிந்தேன். கடையிலிருந்து பதில் இல்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கடை கோவையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். வாங்கிய பொருள் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுத்தால் போதும். பில் இல்லாததால் ஜிபே ரசீதையும் வாட்ஸ்அப் படங்களையும்தான் வைத்திருக்கிறேன்.

வழக்கு நடப்பதால் கடைப் பெயரைச் சொல்லவில்லை. கார்டு மேசைமேல்தான் இருக்கிறது. ஆணையத்தில் காட்ட வேண்டும் என்பதால் அதன் மேலிருக்கும் தூசியைக்கூட நான் துடைக்கவில்லை.