டயர்த் தூளா, ரப்பர் பாலா, பிளாஸ்டிக்கா? குமரிச் சாலைக்கு எது பொருந்தும்

ஐப்பசி மழை விட்டதும் ரோட்டோரம் பெயர்ந்து கிடக்கும் ஜல்லி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் தார் ஒட்டியிருக்கும். மறுபக்கம், குவாரியில் உடைத்த அன்று இருந்ததுபோல வெறும் சாம்பல் கல். கல்லுக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் புகுந்து பிடியை விடுவித்துவிட்டது. குமரி மாவட்டச் சாலைகளின் முதல் நோய் இதுதான். ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை என்றால் சாலை காய்வது எப்போது? இரண்டாவது நோய், கல்லும் எம்சாண்டும் (கல்லை அரைத்த மணல்) ஏற்றிக்கொண்டு கேரளம் போகும் டாரஸ் என்னும் பெரிய லாரிகள். சாலை போடத் தாரோடு டயர்த் தூள், ரப்பர் பால், பிளாஸ்டிக் என்று எதைச் சேர்த்தாலும் இந்த இரண்டையும் தாங்குமா என்றுதான் பார்க்க வேண்டும்.

வெறும் தார் வெயிலில் இளகும், வயதாக ஆக வறண்டு வெடிக்கும். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

டயர்த் தூள் அப்படியில்லை. பழைய டயரை அரைத்து, கம்பியையும் நூலையும் நீக்கினால் கரிந்த ரவை மாதிரித் தூள் கிடைக்கும். அதை 175 முதல் 190 டிகிரிச் சூட்டில் தாரோடு கலக்கிக்கொண்டே இருந்தால், பாயசத்தில் ஜவ்வரிசி ஊறுவதுபோலத் தாரின் எண்ணெயை உறிஞ்சி உப்பும். தார் கெட்டியாகும், இழுத்தால் திரும்பவும் செய்யும். பாரம் ஏறி இறங்கும்போது சாலை கொஞ்சம் வளைந்து மீளும். பள்ளமும் வெடிப்பும் தள்ளிப்போகும். டயரில் உள்ள கார்பன் கறுப்பு என்ற கரித்தூள், தார் வெயிலில் காய்ந்து முதிர்வதையும் தாமதப்படுத்தும். 1960களில் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் சார்லஸ் மெக்டொனால்டு என்ற பொறியாளர் தொடங்கிவைத்த முறை இது. அங்கே கலவையில் 15 சதவீதத்துக்குக் குறையாமல் ரப்பர் சேர்ப்பார்கள். ஆனால் பீனிக்ஸ் இருக்கும் அரிசோனா வறண்ட பூமி. அங்கே கிடைத்த பெயரை வைத்துக்கொண்டு மட்டும் நம் மழையில் நம்பி இறங்க முடியாது. கல்லில் தார் பிடிக்க ஒட்டுமருந்து சேர்த்தாக வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. கலவையை ஆட்டாமல் வைத்தால் தூள் அடியில் தங்கிவிடும். அளவுக்கு மேல் சூடாக்கினால் ரப்பரின் குணமே போய்விடும்.

ரப்பர் பால் என்றால் என் மனசு தானாக அந்தப் பக்கம் சாயும். குலசேகரம், அருமனைப் பக்கம் விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்களைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் அப்படித்தான் இருக்கும். தாருக்கு இழுவை கொடுப்பதில் இது நல்ல சரக்கு, சந்தேகமில்லை. ஆனால் பாலில் தண்ணீர் இருப்பதால் கொதிக்கும் தாரில் ஊற்றும்போது நுரைத்துப் பொங்கும். ரப்பர் விலையோ தார் விலையைப் போலப் பல மடங்கு. பொங்குவதைப் பக்குவத்தால் சமாளிக்கலாம், விலையை என்ன செய்வது? லாரி டயரில் உள்ள ரப்பரில் பெரும்பங்கு இயற்கை ரப்பர்தான், கார் டயரைவிட அதிகம். நம் தோட்டத்துப் பால் டயராகி, ஓடித் தேய்ந்து, தூளாகச் சாலைக்கே திரும்பட்டும். எனக்கு அது போதும்.

பிளாஸ்டிக் சாலை மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் தந்தது, 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இதில் பிளாஸ்டிக்கைத் தாரில் கலப்பதில்லை. துண்டாக்கிய பையைச் சூடான ஜல்லி மேல் தூவினால் உருகிக் கல்லைப் போர்த்திக்கொள்ளும், அப்புறம்தான் தார். போர்த்திய கல்லில் தண்ணீர் இறங்குவது குறைவு. முதலில் சொன்ன நோய்க்கு நேரான மருந்து இது. தாரிலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மிச்சம். தரம் பிரிப்பதில்தான் வேலை கெடுகிறது. குழாய் செய்யும் பிவிசி பிளாஸ்டிக் ஒரு துண்டு கலந்தாலும் சூட்டில் நச்சுப்புகை வரும்.

சரி, எதை எங்கே போடலாம்? டாரஸ் ஓடும் மார்த்தாண்டம், தக்கலை வழிகளுக்கு டயர்த் தூள் கலந்த தாரையே கேட்பேன், கூடுதல் செலவானாலும். மழையில் தேங்கிக் கொசு வளர்க்கும் டயர்கள் குறைவது தனி லாபம். ஊராட்சித் தெருக்களுக்குப் பிளாஸ்டிக் போதும், பிரித்துத் தர ஆள் இருந்தால். ஆனால் இரண்டிலும் ஓரத்து ஓடையை முதலில் தூர் வார வேண்டும். டயர்த் தூள் கலவை சூடு குறைந்தால் சட்டென்று விறைத்துவிடும், ரோலர் சூட்டோடு ஏற வேண்டும். மாசி, பங்குனியில் முடிக்க வேண்டிய வேலையை ஐப்பசிக்குத் தள்ளினால், போட்ட மறுமாதமே அந்தச் சாம்பல் கல் மறுபடியும் ரோட்டோரம் கிடக்கும்.