சட்டமில்லாத வைப்பர் பிளேடு: வாங்கலாமா?

பழைய உலோகச் சட்ட வைப்பர்களைக் கழற்றிவிட்டு, வளைந்த எஃகுப் பட்டையை ரப்பருக்குள் வைத்த சட்டமில்லாத வகையைக் காரில் பொருத்தியிருக்கிறேன். சட்ட வகையில் சில புள்ளிகளில் மட்டுமே அழுத்தம் விழுவதால் நாளடைவில் துடைபடாத கோடுகள் தோன்றும். இதிலோ அழுத்தம் முழு நீளத்துக்கும் பரவுவதால் கனமழையிலும் கண்ணாடி ஒரே வீச்சில் தெளிகிறது, வேகத்தில் காற்று பிளேடைத் தூக்குவதும் குறைவு. ஆனால் கண்ணாடியின் வளைவோடு பட்டையின் வளைவு ஒத்துப்போகாவிட்டால் ஓரங்கள் தொடாமலே நிற்கும்.

அளவில்தான் பலர் சறுக்குகிறார்கள். பல கார்களில் ஓட்டுநர் பக்கம் 24 அங்குலம், மறுபக்கம் 16 அங்குலம் என்பதுபோல இரண்டும் வேறுபடும். கையேட்டில் சொன்னதைவிட நீளமானதைப் போட்டால் அவை ஒன்றோடொன்று மோதக்கூடும். பிளேடைத் தாங்கும் வைப்பர் கையின் முனை கொக்கி வடிவமா, பக்கவாட்டு ஊசியா என்பதையும் பார்த்து வாங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் பிளாஸ்டிக் இணைப்பான்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. லேசாக ஆடினாலே தடதடவென்று சத்தம் வரும்.

சிலிக்கோன் பிளேடு வெயிலை நன்றாகத் தாங்கும், விலையும் கூடுதல்; ஆண்டுக்கொருமுறை மாற்றத் தயங்காதவருக்குச் சாதாரண ரப்பரே போதும். மாற்றும்போது கண்ணாடிமேல் தடித்த துணியை விரித்துக்கொள்ளுங்கள், பிளேடில்லாத கை சடாரென்று விழுந்தால் கண்ணாடி விரிசல் விடும். பின்புற வைப்பருக்கு மட்டும் பழைய வகையையே வைத்திருக்கிறேன். அதற்கு இவ்வளவு செலவு தேவையில்லை.