பழச்சாற்றுப் பன்னும் ஒற்றைச் சொல் அட்டையும்: எருசலேம் அடுமனை ஒன்றின் மதிப்புரை

எருசலேமின் மகனே யெஹூதா சந்தைக்கு அருகிலுள்ள சிறிய அடுமனை ஒன்றில், நான் பராமரித்துவரும் பெரியவருக்காக வாரம் இருமுறை ரொட்டியும் தின்பண்டமும் வாங்குகிறேன். பேரீச்சம்பழம் பொதிந்த பண்டம் அங்கே மிக நன்று. மேற்புறம் மெலிதாக நொறுங்குகிறது, உள்ளீடு திகட்டுவதில்லை. எள் தூவிய மொறுமொறுப்பான பிஸ்கட்டிலும் குறையில்லை.

என்னை எழுதத் தூண்டியது ஆப்பிள் சாறு விட்டுப் பிசைந்த பன். மறுநாளும் மென்மை மாறாத நல்ல பன்தான். ஆனால் பார்வையிலும் சுவையிலும் அது ரொட்டியே. அதன் கூடையில் ‘மெசோனோத்’ (ரொட்டியாகக் கருதப்படாத தானியப் பண்டம்) என்ற ஒற்றைச் சொல் எழுதிய அட்டை இருக்கிறது. யூத வழக்கப்படி ரொட்டி உண்ணுமுன் செய்யும் கைகழுவலும் ‘ஹமோட்சி’ ஆசியும் இதற்குத் தேவையில்லை, உண்டபின் நான்கு ஆசிகள் கொண்ட ‘பிர்கத் ஹமசோன்’ சொல்லாமல் சுருக்கமான ‘அல் ஹமிஹ்யா’ சொன்னால் போதும் என்பது அதன் பொருள்.

பெரியவர் அந்த அட்டையை ஏற்கவில்லை. ரொட்டியை ஒத்தும் ரொட்டியாகக் கருதப்படாத பண்டம் எது என்பதற்கு முன்னோர் மூன்று விளக்கங்கள் தந்தார்கள்: இனிப்பு பொதிந்தது, தேனோ எண்ணெயோ சேர்த்துப் பிசைந்தது, வறண்டு நொறுங்குவது. 16ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த ஷுல்கான் அரூக் என்ற யூதச் சட்டநூல் மூன்றையும் ஏற்றது. பிசைந்த மாவில் சேர்மானத்தின் சுவை தெரிந்தாலே போதும் என்பது காரோவின் நிலை. அஷ்கெனாசி (மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூத) மரபினருக்காக அந்நூலுக்குக் குறிப்பெழுதிய மோசே இசெர்லெஸோ, தேனும் நறுமணப் பொருளும் ஏறக்குறைய முதன்மையாகும் அளவுக்கு மிகுந்திருக்க வேண்டும் என்றார். பெரியவர் அஷ்கெனாசி, அவருக்கு இந்தப் பன் ரொட்டிதான். மொரோக்கோவிலிருந்து வந்த அண்டை வீட்டு அம்மையார் காரோவைப் பின்பற்றுபவர். அவரும் ஒரு துண்டை மென்று பார்த்துவிட்டு, சாற்றின் சுவையே தெரியவில்லையே என்றார்.

அட்டை சொல்லாத இன்னொன்று அளவு. வேளை உணவாகக் கொள்ளத்தக்க அளவுக்கு உண்டால், ஐயத்துக்கு இடமில்லாத மெசோனோத் பண்டத்துக்கும் ரொட்டியின் ஆசிகளே உரியவை. இரவு உணவாக முட்டையோடும் காய்கறியோடும் இரண்டு பன்களை உண்பவர் அந்த ஒற்றைச் சொல்லை நம்பினால், யூத வேதமான தோரா கட்டளையிட்ட ‘பிர்கத் ஹமசோன்’ நன்றியுரையையே விட்டுவிடக்கூடும். இது சிறு பிழையன்று.

மாவில் நீர் எவ்வளவு, சாறு எவ்வளவு என்று கேட்டபோது, அடுமனையார் மறைக்காமல் தண்ணீரே பாதிக்கு மேல் என்றார். அந்த நேர்மையை மதிக்கிறேன். அதையும், அளவு பற்றிய ஒரு வரியையும் அட்டையில் எழுதும்படி வேண்டினேன். இன்னும் எழுதவில்லை.

இப்போது இரவு உணவுக்கு அங்கே சாதாரண ரொட்டியே வாங்குகிறேன். பேரீச்சம்பழப் பண்டம் மாலைத் தேநீருக்கு. உண்ட இடத்திலேயே ‘அல் ஹமிஹ்யா’ சொல்ல வேண்டும் என்பதால், பெரியவர் அதைச் சொல்லி முடித்த பிறகே நாற்காலியை விட்டு எழுகிறார்.