பாதியில் நின்ற உபுண்டு அப்கிரேடு: ஆப்டா, ஆப்டிட்யூடா, புதிதாகப் போடுவதா?

லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவின் 22.04 வெர்ஷனிலிருந்து 24.04-க்குப் போகும்போது அப்கிரேடு நடுவில் நின்றுவிட்டால் மூன்று வழிகள்: மென்பொருள்களை ஏற்றி இறக்கும் கருவியான ஆப்டை (apt) வைத்தே சரிசெய்வது, அதே வேலையைச் செய்யும் இன்னொரு கருவியான ஆப்டிட்யூடிடம் (aptitude) விடுவது, எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவது. வீட்டுக் கணினியில் நான் போனது ஆப்டிட்யூட் வழி. என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

எந்த வழியானாலும் முதலில் ஆப்டுக்கு அடியில் ஓடும் டிபிகேஜி (dpkg) கருவியைக் கொண்டு, அரைகுறையாக நிற்கும் பேக்கேஜ்களை (மென்பொருள் தொகுப்புகளை) கான்ஃபிகர் செய்து முடிக்க வேண்டும். பிறகு ஆப்டின் ‘ஃபிக்ஸ் புரோக்கன்’ (உடைந்ததைச் சரிசெய்யும் கட்டளை). கரண்ட் போய் நின்ற அப்கிரேடுக்குப் பெரும்பாலும் இதுவே போதும்.

பிபிஏ (உபுண்டுவின் சொந்தக் கிடங்குக்கு வெளியே நாமாகச் சேர்க்கும் மென்பொருள் கிடங்கு) பேக்கேஜ்கள் இடித்தால் கதை வேறு. அப்கிரேடு கருவி பிபிஏக்களை முடக்கும். அவற்றிலிருந்து ஏற்கெனவே ஏறியவற்றை அப்படியே விட்டுவிடும். என்னிடம் சிக்கியது மெசா என்ற கிராஃபிக்ஸ் நூலகத் தொகுப்பு. கேம் விளையாடும் ஸ்டீம் செயலிக்கு அதன் 32-பிட் நூலகங்களும் தேவை. 64-பிட்டும் 32-பிட்டும் சேர்ந்திருக்க வேண்டுமானால் வெர்ஷன் எண் அட்சரம் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். 64-பிட்டில் பிபிஏவின் புது வெர்ஷன் உட்கார்ந்திருக்க, உபுண்டு ரெப்போவிலிருந்த (சொந்தக் கிடங்கிலிருந்த) 32-பிட் அதைவிடப் பழையது.

இங்கேதான் ஆப்ட் கையை விரிக்கிறது. அது தானாக எதையும் கீழ் வெர்ஷனுக்கு இறக்காது. வெர்ஷன் எண்ணை நாமே எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பின்னிங் என்னும் வெர்ஷன் தேர்வு அமைப்பில் முன்னுரிமையை 1000-க்கு ஏற்ற வேண்டும். அதுவரை ‘உடைந்த பேக்கேஜ்களை ஹோல்டில் வைத்திருக்கிறீர்கள்’ என்றே சொல்லும். ஹோல்டு பட்டியலைத் (மாற்றாமல் நிறுத்தி வைத்த பேக்கேஜ்களின் பட்டியலைத்) திறந்தால் காலி!

ஆப்டிட்யூட் பேரம் பேசும். முதல் தீர்வாக, ‘கேட்டதைப் போடாமல் இருப்பதை அப்படியே வைத்துக்கொள்’ என்றது. ‘என்’ (n, வேண்டாம்) தட்டினால் ஸ்டீமையே தூக்கச் சொன்னது. மறுபடி ‘என்’. அப்புறம்தான் மெசாவின் பேக்கேஜ்களை மொத்தமாக டவுன்கிரேடு செய்யும் தீர்வு வந்தது, ‘ஒய்’ (y, சரி) தட்டினேன். இதில் முக்கியமானது, பிபிஏ வெர்ஷன் மிச்சமில்லாமல் போனது. அது தங்கியிருந்தால் அடுத்த அப்கிரேடிலும் இதே இடத்தில் முட்டும்.

இரண்டு எச்சரிக்கை. யாருக்கும் தேவையில்லை என்று நினைக்கும் பேக்கேஜ்களை ஆப்டிட்யூட் அந்த ஓட்டத்திலேயே நீக்கிவிடும். நீக்கும் பட்டியலை வரிவரியாகப் படியுங்கள். உபுண்டுவில் ஆப்டிட்யூட் கூடவே வராது. உடைந்த நிலையில் ஆப்ட் புதிதாக எதையும் போட மறுக்கும் என்பதால், அப்கிரேடுக்கு முன்பே போட்டு வையுங்கள்.

ஹோம் (நம் சொந்தக் கோப்புகள் இருக்கும் அடைவு) தனி பார்ட்டிஷனில் இருந்து, பிபிஏக்களும் கண்டபடி சேர்ந்திருந்தால், புதிதாகப் போடுவதே மேல். அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி (/etc) அடைவில் கைவைத்த மாற்றங்களை மட்டும் முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும்.

சர்வரில் ஆப்டிட்யூடை இப்படி ஓட்டிப் பார்த்த அனுபவம் எனக்கு இல்லை. டேட்டாபேஸ் ஓடும் பெட்டியென்றால் ஸ்னாப்ஷாட்டுக்குத் (அப்கிரேடுக்கு முன் எடுத்த நகலுக்குத்) திரும்பி, பிபிஏ-பர்ஜ் (ppa-purge) கருவி மூலம் பிபிஏக்களைக் கழற்றிவிட்டு, அப்கிரேடை மறுபடி தொடங்குவேன்.