அனிமே சப்டைட்டில் வேலை: "வெளியான பிறகு பணம்" என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்

ஜப்பானிய மொழி படித்து, அந்த மொழித்திறன் தேர்வின் மேல் நிலைகளான என்2, என்1 தேறியவர்களுக்கு இது. அமெரிக்காவில் இருக்கும் ஒரு சின்னக் கம்பெனிக்காக, பழைய அனிமே தொடர் ஒன்றை முழுவதும் ஆங்கில சப்டைட்டிலாக மொழிபெயர்த்துக் கொடுத்தேன். ஒரு பைசா வரவில்லை. இனி வராது என்றும் அவர்களே எழுதி அனுப்பிவிட்டார்கள். கம்பெனியின் பெயரை இங்கே போடவில்லை. இதே வாசகம் உள்ள ஒப்பந்தத்தை இன்னொரு கம்பெனி என் தோழிக்கு அனுப்பியிருக்கிறது. அதனால் பெயரைவிட அந்த வாசகத்தைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும்.

சென்னையில் ஜப்பானிய மொழி படித்தவர்களில் பலர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார், உதிரிபாகத் தொழிற்சாலைகளை நம்பித்தான் இருக்கிறோம். பகல் முழுக்க இயந்திரப் பராமரிப்புக் கையேடுகள். அப்படி இருக்கும்போது அனிமே வேலை என்று ஒரு மெயில் வந்தால் மனசு அங்கேதான் போகும். இந்தக் கம்பெனிகளுக்கு அது நன்றாகவே தெரியும்.

முதலில் டெஸ்ட் வந்தது. சில நிமிடக் காட்சி கொடுத்துப் பார்ப்பது நியாயம். எனக்கு வந்தது ஒரு எபிசோடில் கிட்டத்தட்ட கால்வாசி. ஒரு பெண் போனில் "இப்போது எங்கே இருக்கிறாய்?" என்று கேட்கும் இடத்தோடு என் துண்டு முடிந்தது. சென்னையில் ஜப்பானிய மொழி கற்றுத்தரும் ஏபிகே ஏஓடிஎஸ் தோசோகாயில் எனக்கு ஜூனியராகப் படித்த பெண்ணுக்கும் அவர்களிடமிருந்து டெஸ்ட் வந்திருந்ததைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். "அக்கா, எனக்கு வந்தது ஒரு பையன் போன்ல 'ஸ்டேஷன்லதான் நிக்கிறேன்'னு சொல்றதுல ஆரம்பிச்சுது" என்றாள். இரண்டு ஃபைலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒரு நொடி கூட விடாமல் டைம்கோடு (வீடியோவில் ஓடும் நேரக் குறி) தொடர்ந்தது. அவளுக்குத் தேர்வாகவில்லை என்று பதில் போயிருக்கிறது. ஆனால் தொடர் வேலை என்னிடம் வந்தபோது அந்த எபிசோடு மட்டும் "முடிந்தது, மாற்ற வேண்டாம்" என்ற குறிப்போடு வந்தது. அதில் இருந்தவை அவள் எழுதிய வரிகள். ஒரு எபிசோடைத் துண்டு போட்டு, டெஸ்ட் என்ற பெயரில் பல பேரிடம் இலவசமாக முடித்துக்கொண்டிருக்கிறார்கள். இதைப் படிக்கிற யாருக்காவது ஒரு நடுக் காட்சி டெஸ்டாக வந்திருந்தால், தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது உரிமை. "லைசென்ஸ் கையெழுத்தாகிவிட்டது, வெளியீட்டுக்குத் தேதி குறித்தாகிவிட்டது" என்று ஒருங்கிணைப்பாளர் மெயிலில் தெளிவாகவே எழுதினார். அனிமே உரிமை பெரும்பாலும் ஒருவர் கையில் இருக்காது. டிவி நிறுவனம், பதிப்பகம், இசை நிறுவனம், ஸ்டுடியோ எல்லாம் பணம் போட்டுச் சேர்ந்த தயாரிப்புக் குழு இருக்கும். வெளிநாட்டுக் கம்பெனி அதனிடம் குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை ஒன்றைக் கட்டி, குறிப்பிட்ட நாடுகளுக்கு, குறிப்பிட்ட வருடங்களுக்கு உரிமை வாங்கும். அது கையெழுத்தானால் ஜப்பானிலிருந்து மாஸ்டர் வீடியோ வரும். எழுத்து இல்லாத தொடக்கப் பாடல் காட்சி வரும். இருந்தால் வசன ஸ்கிரிப்டும் வரும். எனக்கு வந்த வீடியோவின் முதல் சில நொடிகளில் ஜப்பானிய வீட்டு டிவிடிகளில் வரும் காப்புரிமை எச்சரிக்கை அட்டை ஓடியது. கடையில் வாங்கிய டிஸ்க்கிலிருந்து எடுத்திருக்கிறார்கள். ஸ்கிரிப்ட் இல்லை. அவசரத்துக்கு முறையான கம்பெனிகளும் இப்படி ஒரு பிரதி தருவதுண்டு, பழைய தொடர்களுக்கு ஸ்கிரிப்ட் கிடைக்காமலும் போகும். அதனால் இது மட்டுமே மோசடிக்குச் சான்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் "லைசென்ஸில் கையெழுத்தான தேதி என்ன, உரிமை தருவது யார்?" என்று எழுத்தில் கேட்க அது போதும். பதில் மழுப்பலாக வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

ஸ்கிரிப்ட் இல்லாமல் செய்வது எவ்வளவு வேலை என்பதை வெளியிலிருப்பவர்கள் உணர மாட்டார்கள். 24 நிமிட எபிசோடில் 300, 400 வரி வரும். காதால் கேட்டுத்தான் எழுத வேண்டும். சந்தைக் காட்சி ஒன்று நினைவிருக்கிறது: பின்னணியில் மீன்கடைக்காரர் கூவுகிறார், முன்னால் இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள், அவர்கள் தலைக்கு மேல் கடைப் பலகை. சண்டை வசனம் திரையின் கீழே, பலகையில் உள்ளது மேலே, கூவல் எப்போது காதில் விழுகிறதோ அப்போது. காட்சி மாறும் ஃப்ரேமில் வரி மறைய வேண்டும், ஒரு ஃப்ரேம் நீண்டாலும் அடுத்த காட்சியில் மின்னும். அந்த அரை நிமிடத்தை ஏஜிசப் என்ற சப்டைட்டில் மென்பொருளில் திரும்பத் திரும்ப ஓட்டித்தான் சரிசெய்தேன். கட்டணமோ நிமிடக் கணக்கு. அதிலும் தொடக்கப் பாடலுக்கும் முடிவுப் பாடலுக்கும் தலா ஒன்றரை நிமிடம் கழித்து 21 நிமிடம்தான் கணக்கு. பாடல் வரிகளையும் மொழிபெயர்க்கச் சொன்னவர்கள் இவர்கள்.

ஒப்பந்தத்தில் பணம் பற்றிய வாசகம் இதுதான்: "உரிமையாளரின் ஒப்புதலுக்கும் வணிக வெளியீட்டுக்கும் பிறகு கட்டணம் வழங்கப்படும்." கேட்டபோது, லைசென்ஸ்தான் முடிந்துவிட்டதே, இது வெறும் சம்பிரதாய வரி என்றார்கள். கடைசி ஃபைலை அனுப்பி இன்வாய்ஸும் போட்டேன். முதலில் தரச் சோதனை நடக்கிறது என்றார்கள், அப்புறம் ஜப்பானில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார்கள். பிறகு பதிலே இல்லை. கடைசியில் வந்த கடிதத்தில், உரிமையாளருடனான பேச்சுவார்த்தை உடன்பாடு இல்லாமல் முடிந்ததாகவும், வெளியீடு இல்லாததால் ஒப்பந்தப்படி எதுவும் தர வேண்டியதில்லை என்றும் இருந்தது. பேச்சுவார்த்தையே அப்போதுதான் முடிந்திருக்கிறது என்றால், கையெழுத்தாகிவிட்டது என்று ஆரம்பத்தில் எழுதியது பொய். அந்தப் பொய்யை நம்ப வைத்துத்தான் இத்தனை வேலையையும் வாங்கினார்கள். அந்த மெயிலையும் இந்தக் கடிதத்தையும் சேர்த்து அனுப்பி விளக்கம் கேட்டேன். பதில் இல்லை.

இந்தத் தொழிலில் நஷ்டம் நிஜம்தான். பெரிய தொடர்கள் எல்லாம் சில கைகளுக்குப் போய்விட்டன. அனிமே ஸ்ட்ரீமிங் தளமான க்ரஞ்சிரோலை 2021இல் சோனி வாங்கிய பிறகு சின்னக் கம்பெனிகளுக்கு மிஞ்சியது பெரும்பாலும் பழைய தொடர்கள். அனிமே வெளியிட்டுவந்த கம்பெனிகளில் 2007இல் ஜெனியான் அமெரிக்காவில் கடையைக் கட்டியது, 2009இல் சென்ட்ரல் பார்க் மீடியா திவாலானது. ஆனாலும் 1988இல் தொடங்கிய அனிமெய்கோ மாதிரிச் சின்னக் கம்பெனிகள் பழைய தொடர்களைக் கவனமாக வெளியிட்டு இந்தத் துறைக்கே பெயர் வாங்கித் தந்திருக்கின்றன. சின்னக் கம்பெனி என்பதற்காக யாரையும் ஒதுக்கச் சொல்லவில்லை. உரிமை கிடைக்குமா, விற்குமா என்பது முதலாளியின் ரிஸ்க். லாபத்தில் பங்கு தராதவர்கள் அந்த ரிஸ்க்கை மட்டும் மொழிபெயர்ப்பாளர் தலையில் கட்டுவது அநியாயம்.

ஜப்பானே இதை ஏற்பதில்லை. 2024 நவம்பர் 1 முதல் அங்கே அமலில் இருக்கும் ஃப்ரீலான்ஸ் சட்டப்படி, வேலை கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் பணம் தர வேண்டும். சரிபார்த்து முடித்தார்களா என்பது கணக்கே இல்லை. நம்மிடம் வேலை வாங்குவது அமெரிக்கக் கம்பெனி என்றால் அந்தச் சட்டம் நமக்குக் கைகொடுக்காது. ஆனால் ஒப்பந்தம் பேசும்போது "நீங்கள் உரிமை வாங்கும் நாட்டிலேயே இதுதான் முறை" என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஃபைல் அனுப்பிய நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் பணம் என்று எழுதச் சொல்லுங்கள். தொடர் முழுவதையும் செய்து முடித்த பிறகு ஒரே இன்வாய்ஸ் வேண்டாம். முதல் இரண்டு எபிசோடுக்குப் பணம் கணக்கில் விழுந்த பிறகே மூன்றாவதைத் திறங்கள். இதைவிட முக்கியமானது, முழுப் பணம் வரும்வரை மொழிபெயர்ப்பின் உரிமை உங்களிடமே இருக்கும் என்ற வரி. அது இருந்தால், பணம் தராமல் உங்கள் வரிகளை வெளியிட்டவர்களுக்கு எதிராக, அது ஓடும் தளத்திடமே நேராக முறையிடலாம். கம்பெனியின் பெயரை, மொழிபெயர்ப்பாளர்களுக்கான ப்ரோஸ் தளத்தில் கம்பெனிகளைப் பற்றி அவர்களே கருத்து எழுதும் ப்ளூ போர்டில் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். என் அனுபவத்தையும் அங்கே பதிந்திருக்கிறேன்.

என் ஜூனியருக்குப் போன வாரம் வேறொரு கம்பெனியிலிருந்து டெஸ்ட் வந்தது. அதற்கும் கட்டணம் கேட்டாள். மூன்று நிமிடக் காட்சிக்குக் குறைத்துக்கொள்கிறோம், அதற்குப் பணமும் தருகிறோம் என்று மறுநாளே பதில் வந்துவிட்டது.