முன்சீப் கோர்ட்டுத் தாழ்வாரத்தில் மூன்று நாள்கள்

பாகப்பிரிவினை வழக்கொன்றின் தீர்ப்பாணை நகலுக்காகச் சேலம் மாவட்டத்துச் சிற்றூர் நீதிமன்றம் ஒன்றுக்கு மூன்று நாள்கள் நடந்தேன். நகல் பிரிவைப் பற்றி எழுதத்தான் நினைத்தேன். ஆனால் அந்த மூன்று நாளும் என்னைக் கவனித்துக்கொண்டது பழைய கட்டடம்தான். (ஊர்ப் பெயரைச் சொன்னால் இது புகார் மனுவாகிவிடும், ஆகவே சொல்லவில்லை.)

1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலம் வட்டாரம் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. 1816-ஆம் ஆண்டு விதிகள் வகுத்த மாவட்ட முன்சீப் (கீழ்நிலை உரிமையியல் நீதிபதி) பதவியின் பெயராலேயே ஊர்ப் பெரியவர்கள் இவ்விடத்தை இன்றும் ‘முன்சீப் கோர்ட்டு’ என்கிறார்கள்.

கூரை, ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று கொத்தனார்கள் சொல்லும் வகை. மர உத்திரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் சாய்வரிசையாகப் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லி கலந்த காரையைக் கட்டையால் பல நாள் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டோடு பாவுவார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ந்த சாந்தின் உறுதியை மேலே அண்ணாந்து பார்த்தாலே அறியலாம். தடித்த சுவர், உயரத்தில் காற்றுச் சாளரங்கள், மூன்று பக்கமும் தூண்கள் தாங்கும் தாழ்வாரம்: சேலத்துக் கோடை வெயிலிலும் மின்விசிறி இல்லாமல் உட்கார முடிந்தது. டவாலி (நீதிமன்றச் சேவகர்) வாசலில் நின்று கூப்பிடும் பெயர் கடைசித் தூண்வரை கேட்கிறது. அருகே எழுப்பியுள்ள கான்கிரீட் இணைப்பில் அது கேட்பதில்லை. தன் பெயர் எப்போது வரும் என்று வாசலுக்கும் பெஞ்சுக்குமாக அலையவேண்டும்.

1882-ஆம் ஆண்டுச் சேலம் கலவர வழக்கில் தண்டிக்கப்பட்டு மேல்முறையீட்டில் விடுதலையான விஜயராகவாச்சாரியாரும், 1900-இல் தொழில் தொடங்கிய ராஜாஜியும் சேலத்து வக்கீல்கள் என்று ஒரு பெரியவர் பெருமையாகச் சொன்னார். “இங்கே வந்து வாதாடினார்களா, ஐயா?” என்றேன். வெற்றிலையை மடித்தபடி சிரித்தார்.

குறைகள் சிறியவை அல்ல. உயர்ந்த கருங்கல் பீடத்துக்குச் சாய்தளம் இல்லை; ஒரு மூதாட்டியை நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் பூசியதால் ஈரம் வெளியேற வழியின்றி அடிப்பகுதி உதிர்கிறது. கழிப்பறையின் கதவு தாழிடாது.

நகல் மூன்றாம் நாள் மாலை கிடைத்தது. போகிறவர்கள் காலையில் மேற்குத் தாழ்வாரத்திலும் பிற்பகலில் கிழக்கிலும் உட்காருங்கள். குடிதண்ணீரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.