சொமாட்டோ: வாசலில் நிற்பவரை வைத்து ஒரு மதிப்பீடு

சென்னையில் பல ஆண்டுகளாக, உணவை வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் சொமாட்டோ நிறுவனத்தின் வாடிக்கையாளராக இருக்கிறேன். வேகம், கட்டணம், தள்ளுபடி பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். மதம், மொழி, சைவம், அசைவம் என்று நாட்டைப் பிரிக்கும் விவகாரங்களில் இந்நிறுவனம் எடுத்த நிலைப்பாடுகளைப் பற்றியே நான் எழுத விரும்புகிறேன்.

2019 ஜூலை இறுதியில் ஜபல்பூரைச் சேர்ந்த ஒருவர், உணவு கொண்டுவருபவர் இந்து அல்லர் என்பதால் ஆளை மாற்றச் சொன்னார். நிறுவனம் மறுத்ததும் ஆர்டரை ரத்து செய்து அதை ட்விட்டரில் அறிவித்தார். 'உணவுக்கு மதமில்லை, உணவே ஒரு மதம்' என்று சொமாட்டோ பதில் சொன்னது. கொள்கைக்குக் குறுக்கே வரும் வணிகத்தை இழப்பதில் வருத்தமில்லை என்றார் நிறுவனர் தீபிந்தர் கோயல். செயலியை நீக்கச் சொல்லிப் பிரசாரம் கிளம்பியது, ஒற்றை நட்சத்திர மதிப்பீடுகள் குவிந்தன. இலாபத்தைப் பணயம் வைத்துத் தன் ஊழியருக்குத் துணை நின்ற அந்தச் செயலை நான் இன்றும் மதிக்கிறேன்.

2021 அக்டோபரில், இந்தி தேசிய மொழி என்றும் எல்லோரும் கொஞ்சமாவது அறிந்திருக்க வேண்டும் என்றும் தமிழ்நாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்குச் சேவை மையம் பாடம் நடத்தியது. நிறுவனம் தமிழிலேயே மன்னிப்புக் கேட்டது. நீக்கிய ஊழியரை அன்றே திரும்பச் சேர்த்துக்கொண்டது. இரண்டுமே சரியான முடிவுகள்.

ஆனால் 2024 மார்ச் 19 அன்று, சைவ உணவுக்கென்று தனி ஆட்களும் அவர்களுக்குப் பச்சைச் சீருடையும் அறிவிக்கப்பட்டபோது நான் அதிர்ந்துபோனேன். எங்கள் குடியிருப்பில், வேர்வையில் காலர் வெளுத்த சிவப்புச் சட்டையோடு வருபவர் காவலாளியின் பதிவேட்டில் வீட்டு எண்ணை எழுதிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறுவார். பச்சைச் சட்டை மட்டும் உள்ளே வரலாம் என்று சங்கம் ஒரு தீர்மானம் போட்டிருந்தால், சிவப்புச் சட்டைக்காரர் வாசலிலேயே நின்றிருப்பார். அவர் பையில் என்ன இருக்கிறது, அவர் யார் என்பதெல்லாம் தெருவுக்கே தெரிந்திருக்கும். எதிர்ப்பு எழுந்ததும் மறுநாளே கோயல் ஊழியர்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பச்சையைக் கைவிட்டு, எல்லோருக்கும் சிவப்பே என்று அறிவித்தார். அவ்வளவு விரைவாகத் திருத்திக்கொண்டது நல்லதுதான். என்றாலும் சைவத்துக்கான தனி ஆட்கள் என்ற ஏற்பாட்டை அவர் அன்று கைவிடவில்லை. பெட்டியில் உணவு சிந்தினால் அடுத்த ஆர்டரில் வாடை ஏறுகிறது என்பதே அதற்கு அவர் சொன்ன காரணம். வாடைதான் சிக்கல் என்றால் பெட்டியைப் பிரிக்கலாம், பொட்டலத்தை இறுக்கமாக மூடலாம். ஆட்களைப் பிரிக்க என்ன தேவை?

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். 2019-இல் ஆளை மாற்ற மறுத்த நிறுவனம் அந்த ஏற்பாட்டையும் விலக்கிக்கொள்ளும் நாளில் நான்காவதையும் மனமுவந்து தருவேன்.